விண்டோஸில் கண்ட்ரோல்-சி: ஹேண்ட்லரை ஓட்டுவது உங்கள் த்ரெட் அல்ல

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதப்பட்டு யூனிக்ஸில் ஓடிக்கொண்டிருந்த சிறிய இன்டர்பிரட்டர் (கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும் நிரல்) ஒன்றை விண்டோஸுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கம்பைல் ஆகிறது, கணக்கும் சரியாக வருகிறது. ஆனால் நீண்ட கணக்கின் நடுவே கண்ட்ரோல்-சி அழுத்தினால், பழையபடி கணக்கைக் கைவிட்டு உள்ளீட்டு வரிக்குத் திரும்புவதில்லை. சில நேரம் அங்கேயே விழுந்துவிடுகிறது. சில நேரம் முதல் தடவை தாக்குப்பிடித்து, இரண்டாம் தடவை உயிரை விடுகிறது. உள்ளீட்டுக்காகச் சும்மா காத்திருக்கும்போது அழுத்தினாலோ, கோப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக விடைபெற்றுப் போய்விடுகிறது. இவை மூன்றும் ஒரே பிழையா என்று கேட்கிறீர்கள்.

இல்லை, மூன்றும் வெவ்வேறு பிழைகள். ஆனால் மூன்றுக்கும் தாய் ஒருத்திதான். கண்ட்ரோல்-சி வந்ததும் ஓடும் ஹேண்ட்லர், அதாவது அதற்கென்று நீங்கள் எழுதிவைத்த ஃபங்க்ஷன், யூனிக்ஸில் உங்கள் நிரலின் சொந்த த்ரெட்டில் (கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இழையில்) ஓடுகிறது. விண்டோஸில் அதை ஓட்டுவது வேறொரு த்ரெட். உங்கள் பழைய நிரல் முழுவதும் யூனிக்ஸின் வழக்கத்தை நம்பி எழுதப்பட்டது.

யூனிக்ஸில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கண்ட்ரோல்-சி என்பது ஆஸ்கி அட்டவணையின் 3ஆம் எழுத்து, அவ்வளவுதான். அதற்குப் பிறவியிலேயே எந்தச் சக்தியும் கிடையாது. டெர்மினல் டிரைவர் அந்த எழுத்தைப் பார்த்ததும் அதை நிரலுக்குக் கொடுக்காமல் விழுங்கிவிட்டு, முன்னணியில் இருக்கும் ப்ராசஸ் குழு முழுவதற்கும் சிக்இன்ட் என்ற 2ஆம் எண் சிக்னலை அனுப்புகிறது. எந்த எழுத்துக்கு இந்த வேலை என்பதைக்கூட மாற்றிக்கொள்ளலாம். தொடக்க கால யூனிக்ஸில் கண்ட்ரோல்-சிக்குப் பதில் டெலீட் எழுத்துதான் இதற்கு இருந்தது. சிக்னல் வந்ததும் கெர்னல் புதிதாக யாரையும் அழைப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் நிரலையே நிறுத்தி, அதன் ஸ்டாக்கின் (ஃபங்க்ஷன் அழைப்புகளை அடுக்கிவைக்கும் நினைவிடத்தின்) மேலேயே ஒரு படியைக் கட்டி, ஹேண்ட்லரை ஓட விடுகிறது. ஹேண்ட்லர் முடிந்தால் விட்ட இடத்திலிருந்து நிரல் தொடரும்.

இதனால்தான் உங்கள் நிரலில் இருக்கும் அந்தப் பழைய உத்தி வேலை செய்தது. பிரதான சுழற்சியின் தலையில் அந்த இடத்தைக் குறித்துவைக்கும் ஒரு செட்ஜம்ப், ஹேண்ட்லருக்குள் அங்கேயே தாவும் ஒரு லாங்ஜம்ப். கணக்கு எத்தனை ஃபங்க்ஷன் ஆழத்தில் இருந்தாலும் ஒரே தாவலில் மேலே வந்துவிடலாம். இது யூனிக்ஸிலும் கயிற்றின் மேல் நடப்பதுதான். நினைவகம் ஒதுக்கித் தரும் மால்லாக் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும் நொடியில் தாவினால் பட்டியல் அரைகுறையாக நின்றுவிடும். ஆனாலும் தாவுவது நம் சொந்த ஸ்டாக்கில் என்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டோம், பல ஆண்டுகள்.

விண்டோஸில் கன்சோல் சன்னலில் அதே விசையை அழுத்தினால், அந்தக் கன்சோலோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் ஒரு புதிய த்ரெட் பிறக்கிறது. நீங்கள் பதிந்துவைத்த ஹேண்ட்லரை அந்தப் புதுத் த்ரெட்தான் ஓட்டுகிறது. உங்கள் பிரதான த்ரெட்டை யாரும் தொடுவதில்லை. அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே த்ரெட் என்று நம்பி எழுதிய நிரல், விசையை அழுத்திய கணத்தில் பல த்ரெட் நிரலாகிவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் ஆவணமே சிக்னல் ஃபங்க்ஷனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது: வின்32 நிரல்களில் சிக்இன்ட்டுக்கு ஆதரவு இல்லை, யூனிக்ஸிலிருந்து வரும் ஒற்றை த்ரெட் நிரல் இதனால் எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளலாம் என்று. ஆதரவு இல்லை என்று சொன்ன அதே சிக்னல் ஃபங்க்ஷன் சிக்இன்ட்டை வாங்கிக்கொள்ளவும் செய்கிறது. கம்பைலர் எச்சரிப்பதில்லை, எழுதியவர் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்.

இப்போது உங்கள் மூன்று நோய்களையும் பார்க்கலாம். விழுந்துவிடுவது லாங்ஜம்ப்பால். செட்ஜம்ப் சேமித்துவைத்தது பிரதான த்ரெட்டின் ஸ்டாக் முகவரியை. புதுத் த்ரெட் அங்கே தாவினால், இரண்டு பேர் ஒரே ஸ்டாக்கில் நிற்கிறார்கள். உடனே விழலாம், கொஞ்ச நேரம் ஓடிவிட்டும் விழலாம். இதைத் திருத்த வழியில்லை, எடுத்துவிட வேண்டியதுதான்.

இரண்டாம் தடவை சாவதற்குக் காரணம் சாதாரணமானது. மைக்ரோசாஃப்டின் சி நூலகம் ஹேண்ட்லரை அழைக்கும் முன், அந்தச் சிக்னலுக்கான ஏற்பாட்டைப் பழைய இயல்புநிலைக்கு மாற்றிவிடும். இது பழைய சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் வழக்கம். உங்கள் நிரல் லினக்ஸிலோ பிஎஸ்டியிலோ வளர்ந்திருந்தால், ஒருமுறை பதிந்தால் போதும் என்று பழகியிருக்கும். இங்கே ஹேண்ட்லருக்குள் மறுபடி பதிய வேண்டும். அதைவிட நல்லது, சிக்னல் ஃபங்க்ஷனையே விட்டுவிட்டு செட்கன்சோல்கண்ட்ரோல்ஹேண்ட்லர் என்ற விண்டோஸ் ஃபங்க்ஷனை நேரடியாகப் பயன்படுத்துவது. அதில் பதிந்தது நீங்கள் நீக்கும் வரை நிற்கும்.

மூன்றாவதுதான் சுவையானது. கன்சோலிலிருந்து ஒரு வரியைப் படிக்கக் காத்திருக்கும்போது கண்ட்ரோல்-சி வந்தால், யூனிக்ஸில் ரீட் அழைப்பு ஈஇன்டர் என்ற பிழையோடு திரும்பும், அல்லது உங்கள் சிக்ஆக்ஷன் அமைப்பைப் பொறுத்துத் தானாக மறுபடி தொடங்கும். விண்டோஸில் படிக்கும் அழைப்பு வெற்றி என்று சொல்லியே திரும்புகிறது, படித்த பைட்டுகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று. சி நூலகத்துக்கு வெற்றியும் பூஜ்யமும் சேர்ந்தால் ஒரே பொருள்தான்: கோப்பு முடிந்தது. உண்மையைச் சொல்லும் தடயம் ஒன்றே ஒன்று. கடைசிப் பிழையின் எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரர் 995 என்று சொல்லும், அதாவது செயல் கைவிடப்பட்டது என்று. வரியைப் படிக்கும் சி நூலகத்தின் எஃப்கெட்ஸ் அதைப் பார்ப்பதில்லை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: படிக்கும் அழைப்பு திரும்பும் நேரத்தில் ஹேண்ட்லர் த்ரெட் இன்னும் ஓடத் தொடங்காமல் இருக்கலாம். கண்ட்ரோல்-சி வந்தது என்று ஹேண்ட்லர் குறித்துவைக்கும் மாறியை, அதாவது கொடியை, நீங்கள் உடனே பார்த்தால் அது இன்னும் இறங்கியே இருக்கும். பைத்தான் இன்டர்பிரட்டரின் விண்டோஸ் வடிவம் இதே குழியில் விழுந்து எழுந்ததுதான். 995 வந்தால் அது ஹேண்ட்லர் எழுப்பும் ஈவென்ட் என்ற விண்டோஸ் சைகைக்காக ஒரு கணம் காத்திருந்து பார்க்கிறது. வந்தால் குறுக்கீடு, வராவிட்டால்தான் கோப்பின் முடிவு. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸை மட்டும் குறைசொல்ல வேண்டாம். இதைவிடக் கடினமான இடத்தில் இதே வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள். டிஜே டெலோரி 1989இல் தொடங்கிய டிஜேஜிபிபி, ஜிஎன்யு கருவிகளை எம்எஸ்-டாஸுக்குக் கொண்டுவந்தது. நிரல் 32 பிட் புரொடெக்டட் மோடில் ஓடும். கோப்பு, திரை என்று எதற்காவது டாஸைக் கூப்பிட்டால் பிராசஸர் பழைய மோடுக்குப் போய்வரும். விசைப்பலகையின் இன்டரப்ட் எந்த மோடில் இருக்கும்போதும் வரலாம். டாஸ் வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து, அங்கிருந்து உங்கள் ஹேண்ட்லர் லாங்ஜம்ப் செய்துவிட்டால் டாஸ் பாதியில் தொங்கும்.

அவர்கள் கண்ட வழி இது. இன்டரப்ட் வரும்போது சிக்னலை அனுப்புவதே இல்லை. நிரலின் டேட்டா செக்மென்ட்டின் எல்லையைச் சுருக்கிவிட்டு அமைதியாகத் திரும்பிவிடுகிறார்கள். டாஸ் தன் வேலையை முடிக்கும். நிரல் தன் மோடுக்குத் திரும்பும். திரும்பிய கையோடு ஏதாவது ஒரு மாறியைத் தொடும். தொட்டதும் எல்லை மீறல் என்று பிராசஸர் கூச்சல் போடும். நூலகம் அந்தக் கூச்சலைப் பிடித்து, இது நாமே வைத்த பொறி என்று தெரிந்துகொண்டு, எல்லையைப் பழையபடி விரித்து, அந்த இடத்தில் சிக்இன்ட் ஹேண்ட்லரை அழைக்கும். வெளியே போனவர் திரும்பி வரும்போது தடுக்கட்டும் என்று வாசலில் கயிறு கட்டிவைப்பது போல. அழகான சூழ்ச்சி, விலையும் உண்டு: நிரல் டாஸுக்குள்ளேயே உள்ளீட்டுக்காக உட்கார்ந்திருந்தால், அது திரும்பி வரும் வரை எதுவும் நடக்காது. ஆனால் ஹேண்ட்லர் எங்கே ஓட வேண்டுமோ அங்கே ஓடியது.

விண்டோஸில் இதற்கு உறவினர், யூனிக்ஸ் நிரல்களை அங்கே ஓட வைக்கும் சிக்வின். அதற்குள் சிக்னலுக்கென்றே ஒரு த்ரெட் இருக்கிறது. அது உங்கள் பிரதான த்ரெட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, அதன் ரெஜிஸ்டர்களைப் படித்து, அடுத்து ஓட வேண்டிய இடத்தைத் திருத்தி, மறுபடி ஓட விடுகிறது. விழித்த த்ரெட் ஹேண்ட்லருக்குள் நிற்கிறது. எனவே உங்கள் நிரலை ஒரு வரிகூட மாற்றாமல் நகர்த்த விரும்பினால் சிக்வினில் கம்பைல் செய்யுங்கள், அதன் டிஎல்எல்லையும் சேர்த்துக் கொடுங்கள், வேலை முடிந்தது. அந்தச் சார்பு வேண்டாம் என்பதால்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு வேண்டுகோள்: இந்த நிறுத்தித் திருத்தும் வித்தையை நீங்களே எழுத முயலாதீர்கள். நிறுத்தப்பட்ட த்ரெட் அந்த நொடியில் ஹீப்பின் (மால்லாக் இடம் எடுக்கும் நினைவகத்தின்) பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், அடுத்து மால்லாக் கேட்கும் எவரும் எழுந்திருக்கப்போவதில்லை.

பெரிய திட்டங்கள் என்ன செய்தன என்பதற்கு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள நிரல் நல்ல எடுத்துக்காட்டு. 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பில்தான் அது விண்டோஸில் நேரடியாக ஓடத் தொடங்கியது. சர்வர் பக்கத்தில் ஒவ்வொரு ப்ராசஸிலும் ஒரு த்ரெட் பைப் ஒன்றில் காது வைத்துக்கொண்டிருக்கும். வரும் சிக்னலைக் குறித்து மட்டும் வைக்கும். பிரதான த்ரெட் தனக்கு வசதியான இடங்களில் நின்று, குறித்தவை ஏதும் உண்டா என்று பார்த்து ஹேண்ட்லரைத் தானே ஓட்டும். சர்வர் நிரலில் அப்படி நின்று பார்க்கும் இடங்கள் முன்பே ஏராளமாக இருந்ததால் இது எளிதாகப் பொருந்தியது. பீஎஸ்க்யூஎல் என்ற கிளையன்ட் பக்கம் வேறு கதை. யூனிக்ஸில் அது உள்ளீட்டு வரியில் இருக்கும்போது கண்ட்ரோல்-சி வந்தால் லாங்ஜம்ப் செய்கிறது, உங்கள் நிரலைப் போலவே. விண்டோஸில் இது இப்போதைக்கு வேலை செய்யாது, ஆகவே அங்கே கண்ட்ரோல்-சியால் பயன் குறைவு என்று மூல நிரலின் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓடும் வினவலை ரத்து செய்வது மட்டும் அங்கும் நடக்கிறது. அந்தக் கோரிக்கை சர்வருக்குத் தனி இணைப்பில் போவது. ஹேண்ட்லர் த்ரெட்டிலிருந்தே அனுப்பலாம், பிரதான த்ரெட்டோடு மோதாமல் ஒரு பூட்டு போட்டுக்கொண்டால் போதும். எது முடியுமோ அதைச் செய்து, முடியாததை எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த நேர்மை பிடிக்கும்.

சரி, உங்கள் நிரலுக்கு வருகிறேன். ஹேண்ட்லருக்குள் மூன்றே காரியங்கள் இருக்கட்டும்: ஒரு கொடியை அணுநிலைச் செயலால் உயர்த்துங்கள், ஒரு ஈவென்ட்டை எழுப்புங்கள், உண்மை என்று திரும்புங்கள். அச்சிடாதீர்கள், நினைவகத்தை விடுவிக்காதீர்கள், கோப்பை அழிக்காதீர்கள்.

கோப்பை அழிக்காதீர்கள் என்பதை நான் அனுபவத்தில் கற்றேன். நான் நகர்த்திய ஒரு நிரல் கண்ட்ரோல்-சி வந்தால் ஹேண்ட்லருக்குள்ளேயே தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு வெளியேறும். யூனிக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம். விண்டோஸில் பிரதான த்ரெட் அந்தக் கோப்பைத் திறந்துவைத்து இன்னும் எழுதிக்கொண்டிருந்தது, அழிக்கும் அழைப்பு தோற்றது, அதன் திரும்பு மதிப்பை நான் பார்க்கவில்லை, நிரல் வெளியேறியது. சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் ஒருவர் வட்டு நிரம்பிவிட்டது என்று அழைத்தார். அந்தக் கோப்புறையைத் திறந்தபோது அரைகுறைக் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றும் யாரோ ஒருமுறை கண்ட்ரோல்-சி அழுத்தியதன் சாட்சி.

கொடியை யார் பார்ப்பது? கணக்குச் சுழற்சியில் ஒவ்வொரு கட்டளையையும் எடுக்கும் இடத்தில் பாருங்கள். இன்டர்பிரட்டருக்கு இது வரம். எல்லாம் ஒரே சுழற்சி வழியாகத்தான் போகின்றன, ஒரு மாறியைப் படிக்கும் செலவு கண்ணுக்கே தெரியாது. கொடி உயர்ந்திருந்தால் அங்கிருந்து லாங்ஜம்ப் செய்யலாம், ஏனென்றால் இப்போது தாவுவது பிரதான த்ரெட்டே, தன் சொந்த ஸ்டாக்கில், மால்லாக்கின் நடுவில் இல்லாத பாதுகாப்பான இடத்தில். பழைய செட்ஜம்ப் அப்படியே பயன்படும். இதே மாற்றத்தை யூனிக்ஸ் வடிவத்துக்கும் எடுத்துப் போங்கள். அங்கிருந்த கயிற்று நடையும் தீரும்.

தடைபட்டு நிற்கும் இடங்கள்தான் மீதி. யூனிக்ஸில் சிக்னல் தானே தூக்கத்தைக் கலைக்கும். விண்டோஸில் யாரும் கலைக்க மாட்டார்கள். நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்லீப் என்று இருக்கும் இடத்தில் அந்த ஈவென்ட்டுக்காகக் கால வரம்போடு காத்திருங்கள். வேறொரு ஹேண்டிலுக்காக, அதாவது விண்டோஸ் ஒரு பொருளுக்குத் தரும் அடையாளத்துக்காக, காத்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்து வெய்ட்ஃபார்மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ். ஒரு தடவையில் 64 ஹேண்டில்தான் ஏற்கும் என்பது நினைவிருக்கட்டும். சாக்கெட்டில் செலக்ட் செய்து நிற்கிறீர்கள் என்றால், பைப்பில் ஒரு பைட் எழுதித் தன்னையே எழுப்பிக்கொள்ள யூனிக்ஸ்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் உத்தி இங்கே ஓடாது. விண்டோஸின் செலக்ட் சாக்கெட்டைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. லூப்பேக் முகவரியில் உங்களுக்கு நீங்களே ஒரு சாக்கெட் ஜோடி கட்டி, ஹேண்ட்லரிலிருந்து ஒரு பைட்டை எழுதுங்கள்.

ஒரு பைப்பையோ தொடர் போர்ட்டையோ படிப்பதில் மாட்டிக்கொண்டு நிற்கும் த்ரெட்டை விஸ்டா முதல் கேன்சல்சின்க்ரோனஸ்ஐஓ என்ற அழைப்பால் எழுப்பலாம். இரண்டு கண்ணிகள் உண்டு. கெட்கரண்ட்த்ரெட் தருவது உண்மையான ஹேண்டில் அல்ல, "நான்" என்று பொருள்படும் போலி எண். அதை ஹேண்ட்லர் த்ரெட்டில் பயன்படுத்தினால் அந்த "நான்" ஹேண்ட்லரையே குறிக்கும். தொடக்கத்திலேயே அதை நகலெடுத்து உண்மை ஹேண்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, பிரதான த்ரெட் கொடியைப் பார்த்துவிட்டு படிக்கும் அழைப்புக்குள் நுழைவதற்கு இடைப்பட்ட நொடியில் ரத்து வந்தால், ரத்து செய்ய எதுவும் இல்லை என்று 1168ஆம் பிழை வரும், பிறகு அது பாட்டுக்குப் படிக்கப் போய்விடும். பிரதான த்ரெட் கொடியைக் கண்டேன் என்று சொல்லும் வரை சிறு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அழைப்பதுதான் நடைமுறை வழி. அழகில்லை, ஆனால் தவறாது.

சன்னலின் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடுவதும் இதே ஹேண்ட்லருக்குத்தான் வரும், வேறொரு நிகழ்வு எண்ணோடு. இங்கே மட்டும் கொடியை உயர்த்திவிட்டு உடனே திரும்பக் கூடாது. திரும்பினால் ப்ராசஸ் முடிக்கப்படும். கொடியை உயர்த்தி, பிரதான த்ரெட் "சுத்தம் செய்துவிட்டேன்" என்று இன்னொரு ஈவென்ட்டால் சொல்லும் வரை ஹேண்ட்லர் அங்கேயே காத்திருக்க வேண்டும். இயல்பாக 5 வினாடி அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் விண்டோஸ் காத்திருக்காது.

உங்கள் இன்டர்பிரட்டர் வெளிக் கட்டளைகளை ஓட்டுமா? யூனிக்ஸின் சிஸ்டம் ஃபங்க்ஷன் குழந்தை ப்ராசஸ் முடியும் வரை பெற்றோர் ப்ராசஸ் சிக்இன்ட்டைக் கண்டுகொள்ளாமல் இருக்க ஏற்பாடு செய்யும். விண்டோஸில் இருவரும் ஒரே கன்சோலில் இருப்பதால் இருவருக்கும் நிகழ்வு வரும். கண்ட்ரோல்-சியைப் புறக்கணிக்கச் சொல்லும் குறுக்கு வழி ஒன்று உண்டு, ஹேண்ட்லருக்குப் பதில் நல்-ஐக் கொடுத்துப் பதிவது. அதைத் தொடாதீர்கள், அந்தப் புறக்கணிப்பு குழந்தைக்கும் பரம்பரைச் சொத்தாகப் போகும், பிறகு கண்ட்ரோல்-சிக்கு அதுவும் அசையாது. உங்கள் ஹேண்ட்லரிலேயே "குழந்தை ஓடுகிறது" என்ற இன்னொரு கொடியைப் பார்த்து, ஒன்றும் செய்யாமல் உண்மை என்று திரும்புங்கள். ஹேண்ட்லர்களை யாரும் பரம்பரையாகப் பெறுவதில்லை.

வெளியேறும்போது என்ன எண் கொடுப்பது என்பதும் குழப்பும். யூனிக்ஸ் ஷெல்லில் கண்ட்ரோல்-சியால் இறந்தவருக்கு 130, அதாவது 128உடன் 2. விண்டோஸில் இயல்பான ஹேண்ட்லர் ப்ராசஸை முடித்தால் எண் 3221225786. குறியுள்ள எண்ணாகப் பார்த்தால் -1073741510. கண்ட்ரோல்-சிக்காக முழுவதுமாக வெளியேற முடிவு செய்தால் இதே எண்ணோடு வெளியேறுங்கள். உங்களை அழைக்கும் ஸ்கிரிப்டுகள் பிழையால் நின்றதா, பயனர் நிறுத்தினாரா என்று பிரித்தறியலாம்.

இவ்வளவும் செய்தபின்னும் உங்கள் ஹேண்ட்லருக்கு நிகழ்வே வரவில்லை என்றால், நீங்கள் ஏற்றிய நூலகங்களைச் சந்தேகியுங்கள். ஹேண்ட்லர்கள் கடைசியாகப் பதிந்தவர் முதலில் என்ற வரிசையில் அழைக்கப்படுகிறார்கள். இன்டெல் ஃபோர்ட்ரானின் ரன்டைம் தனக்கென ஒன்றைப் பதிந்துகொண்டு, கண்ட்ரோல்-சி வந்ததும் 200ஆம் எண் பிழையை அச்சிட்டு ப்ராசஸையே முடித்துவிடும். விண்டோஸில் பைத்தானின் அறிவியல் நூலகமான சைபை பயன்படுத்திய பலர் இதைப் பார்த்திருப்பார்கள். நூலகங்களை ஏற்றி முடித்தபிறகு உங்கள் ஹேண்ட்லரைப் பதியுங்கள்.

சோதிக்கும்போது சாதாரண கமாண்ட் சன்னலில் சோதியுங்கள், கிட் பேஷில் வேண்டாம். அதன் மின்ட்டி சன்னல் விண்டோஸ் கன்சோல் அல்ல. பல அமைப்புகளில் உங்கள் நிரலுக்கு அங்கே கிடைப்பது வெறும் பைப்தான். கண்ட்ரோல்-சியை கிட் பேஷுக்கு அடியிலிருக்கும் எம்எஸ்ஒய்எஸ் அடுக்கு தன் வழியில் கையாளும், உங்கள் ஹேண்ட்லருக்கு அது வரலாம், வராமலும் போகலாம். பேட்ச் கோப்பு வழியாகவும் ஓட்ட வேண்டாம். நிரல் சரியாக நின்றபின்னும் "பேட்ச் வேலையை முடிக்கவா, ஆம்/இல்லை" என்று கமாண்ட் சன்னல் கேட்கும். அந்தக் கேள்வி உங்கள் பிழை அல்ல.